ஜென்மப் பாவம் என்ற சொல்

நான் சிறுமியாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோவிலுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் எங்களுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும். பனியன் கம்பெனி வேலைக்காகத் தெற்கேயிருந்து திருப்பூருக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருவோம். சிஸ்டர் கேள்வி கேட்பார். நாங்கள் எல்லாரும் ஒரே ராகத்தில் பதில் சொல்வோம். ஜென்மப் பாவம் என்றால் என்ன என்று ஒரு கேள்வி. ஆதித் தாய் தகப்பன் செய்த குற்றத்தால் நம்மோடு கூடவே பிறக்கிற பாவம் என்று பதில். அது எதனால் போகும் என்பது அடுத்த கேள்வி. ஞானஸ்நானத்தால் போகும். வாய்ப்பாடு ஒப்பிப்பது போலத்தான் அதையும் ஒப்பித்தோம். ஏழெட்டு எத்தனை என்பதில் என்ன வருத்தம் இருக்க முடியும்? அதே அளவுக்குத்தான் அந்தப் பதிலிலும் எனக்கு வருத்தம் இருந்தது.

கல்யாணமாகி வெகுகாலம் எனக்குக் குழந்தை தங்கவில்லை. என் கணவர் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் வேறொரு கம்பெனியில் சாம்பிள் பிரிவில் இருந்தேன். எங்கள் கம்பெனியில் குழந்தைகளுக்கான உடுப்புகள் மட்டும்தான் தைப்பார்கள். பிறந்த குழந்தைக்கு, மூன்று மாதக் குழந்தைக்கு, ஆறு மாதக் குழந்தைக்கு என்று வரிசையாக சைஸ். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையருக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பார்க்க வேண்டும், கழுத்துப் பட்டியைத் தடவிப் பார்க்க வேண்டும். பச்சைக் குழந்தையின் தோலை உறுத்தும்படி ஒரு நூல்முனைகூட உள்ளே நிற்கக் கூடாது. நாள் முழுக்க அந்த வேலையைச் செய்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவேன். அதைப் பற்றி வேலை செய்யும் இடத்தில் யாரும் என்னிடம் பேசியதில்லை. பேசாமல் இருந்ததற்கு இன்றும் அவர்கள்மேல் எனக்கு நன்றி உண்டு.

கடைசியில் ஒரு பெண் குழந்தை உண்டாயிற்று. என் மாமியார் சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். பல தலைமுறையாகக் கிறிஸ்தவ வேதத்தில் இருக்கும் குடும்பம். ஞானஸ்நானத்தை ஊர்க் கோவிலில், திருவிழாவின்போது, சொந்தபந்தமெல்லாம் கூடி நிற்கக் கொடுக்க வேண்டும் என்று அவர் ஐந்தாம் மாதத்திலேயே சொல்லிவிட்டார். பெயரையும் அவரே மனதில் வைத்திருந்தார். தண்ணீர் ஊற்றுகிற அன்றுதான் அதைச் சொல்வேன், அதற்குமுன் சொன்னால் கண்பட்டுவிடும் என்றார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. இவ்வளவு காலம் காத்திருந்தவள், ஒரு பெயருக்காக இன்னும் கொஞ்சம் காத்திருக்க மாட்டேனா?

ஏழாம் மாதம் கம்பெனியில் சாம்பிள்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆள் ஏற்றி வரும் வேனிலேயே என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அன்று மாலையே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். அழுத சத்தம் கேட்டது என்று நர்ஸ் சொன்னார். நான் கேட்கவில்லை.

அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய், காலில் ஊசி. நெற்றியில் மட்டும் எதுவும் ஒட்டாமல் கொஞ்சம் இடம் இருந்தது. கையை மருந்து போட்டுக் கழுவிவிட்டு ஒரு விரலால் அந்த இடத்தைத் தொடலாம் என்று அனுமதித்தார்கள். தொட்டால் புருவத்தைச் சுருக்குவாள். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, உன்னை மாதிரியே கோபக்காரி என்று சொன்னார். அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கும் தைரியம் வந்தது.

மாமியார் போனில் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம், சாமியார் வரவேண்டியதில்லை, நெற்றியில் கொஞ்சம் ஊற்றி ஜெபத்தைச் சொல்லிவிட்டால் போதும் என்றார். என் கணவர் டாக்டரிடம் போய்க் கேட்டார். டாக்டர் நல்லவர். கோபப்படவில்லை. உடம்பு ஈரமானால் குழந்தையின் சூடு இறங்கிவிடும், கிருமி பிடித்துவிடும், கொஞ்சம் எடை ஏறட்டும், பிறகு எத்தனை தண்ணீர் வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளுங்கள் என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் அவள் பிழைத்துவிடுவாள் என்பது அடங்கியிருந்தது. அதனால் நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாகச் சரி என்றோம்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு விடியற்காலையில் நுரையீரல் நின்றுவிட்டது என்றார்கள்.

மருத்துவமனையில் அவளை வெள்ளைத் துணியில் சுற்றி என் மடியில் கொடுத்தபோது எனக்குத் தையல்கூடப் பிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கணவரின் தம்பி ஒரு காரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நேராகக் கோவிலுக்குப் போனோம். எங்கள் கோவிலின் பங்குச் சாமியார் தியானத்துக்காக வெளியூர் போயிருந்தார், போனை அணைத்து வைத்திருந்தார். அவர் இல்லாதபோது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் உபதேசியார்தான். என் கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோவிலில் வாசித்தவர் அவர். கல்லறைத் தோட்டத்தின் சாவியும் அவரிடம் இருந்தது.

அவர் காருக்குப் பக்கத்தில் வந்து குனிந்து குழந்தையைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் என் கணவரிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"தண்ணி ஊத்துனீங்களா?"

செத்துப்போனது எப்படி, எத்தனை மணிக்கு, நீ எப்படியம்மா இருக்கிறாய், ஒன்றுமில்லை. போனில் மாமியாரும் அதைத்தான் கேட்டிருந்தார். மருத்துவமனை வாசலில் சேதி கேட்டு வந்த, எங்கள் தெருச் செபக்கூட்டமான அன்பியத்துப் பெண்கள் இருவரும் அதைத்தான் கேட்டிருந்தார்கள். அன்று காலையிலிருந்து எல்லாருக்கும் என் குழந்தையைப் பற்றித் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"ஊத்திட்டேன்" என்றார் என் கணவர்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. உபதேசியார் அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல்தான் இருந்திருப்பேன். அவர் விடவில்லை. எப்போது ஊற்றினீர்கள், நர்ஸ் விட்டார்களா, என்ன பெயர் சொல்லி ஊற்றினீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். பெயர் என்றதும் என் கணவர் தடுமாறிவிட்டார். அந்தப் பெயர் மாமியாருக்கு மட்டும்தானே தெரியும். வாய்க்கு வந்த ஒரு புனிதையின் பெயரைச் சொன்னார். உபதேசியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, நீ சொல்லு. ஊத்துனத நீ பாத்தியா?"

என் மடியில் அவள் இருந்தாள். நெற்றியில் அந்தக் கொஞ்ச இடம் துணிக்கு வெளியே தெரிந்தது. இந்த ஆள் எதைக் கழுவினாயா என்று கேட்கிறார் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. சிறு வயதில் ராகம் போட்டுச் சொன்ன அந்தப் பதில் முழுசாக நினைவுக்கு வந்தது. கூடவே பிறக்கிற பாவம். தாய்ப்பால்கூடக் குடிக்காத ஒரு குழந்தை. புருவத்தைச் சுருக்கியதைத் தவிர இந்த உலகத்தில் அவள் எதையும் செய்திருக்கவில்லை.

"இல்லீங்க" என்றேன். "யாரும் ஊத்தல. கழுவறதுக்கு அவகிட்ட ஒண்ணும் இல்லீங்க."

என் குரல் உயரவில்லை. எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது. என் கணவர் வாயை லேசாகத் திறந்தபடி நின்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

உபதேசியார் தள்ளிப் போய், கோவில் நிர்வாகத்தில் இருக்கும் பங்குப் பேரவைக்காரர்கள் இரண்டு பேரிடம் போனில் பேசிவிட்டு வந்தார். கல்லறைத் தோட்டம் மந்திரித்த மண் என்றார். ஞானஸ்நானம் வாங்காத ஆளை உள்ளே வைத்தால் நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள் என்றார். காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே வேலியோரமாகக் கொஞ்சம் இடம் இருக்கிறது, முன்காலத்தில் நாண்டுகொண்டு செத்தவர்களை அங்கேதான் வைப்பார்கள், வேண்டுமானால் அங்கே வைத்துக்கொள்ளுங்கள், நானே வந்து ஒரு செபம் சொல்கிறேன் என்றார். அவர் அதைக் கருணையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் கணவர் காரை எடுக்கச் சொன்னார். பொது மயானத்தில் குழந்தைகளைப் புதைக்க ஒரு மூலை இருந்தது. என்னை வீட்டில் இறக்கிவிட்டு அவரும் தம்பியும் அவளைக் கொண்டுபோனார்கள். இறங்கும்போது என் மடியிலிருந்து அவளைக் கணவர்தான் வாங்கிக்கொண்டார். பேசியது அன்று சாயங்காலம்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் அவள உள்ள வச்சிருப்பேன். நீதான் வெளிய தள்ளுன."

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரம்மா வந்தார். பொங்கலூர்ப் பக்கம் நிலமும், ஊருக்குள் வாடகைக்கு விட்ட வீடுகளும் உள்ளவர். வாடகைக்காகத் தவிர எங்கள் வாசற்படி ஏறாதவர், அன்றைக்கு ஒரு தூக்குப்போசியில் கஞ்சி கொண்டுவந்தார். என் தலையைத் தடவிக்கொண்டு அழுதார். கண்ணீர் நிஜமானதுதான்.

"என்ன பண்றது கண்ணு. போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணுச்சோ, இங்க வந்து நாலு நாளு பட்டுட்டுப் போயிருச்சு."

கஞ்சி கையில் இருந்தது. ஒரு வாய் குடித்திருந்தேன். அதோடு கீழே வைத்துவிட்டேன்.

காலையில் கோவில் வாசலில் உபதேசியார், சாயங்காலம் என் வீட்டுக்குள் வீட்டுக்காரம்மா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. ஒருவர் கடவுளை மற்றவர் கும்பிட மாட்டார். ஆனால் இரண்டு பேர் பேச்சுக்கும் அடியில் ஒரே இரண்டு சொற்கள்: ஜென்மம், பாவம். ஒருவர் கணக்கில் அது ஆதாம் செய்தது. மற்றவர் கணக்கில் அது முன்பிறவியில் அவளே செய்தது. வரும்போதே கொண்டுவந்தாள் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. நான் வீட்டுக்காரம்மாவைக் கோபித்துக்கொள்ளவில்லை. நல்லதுங்க என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கஞ்சியைத் தொட்டியில் கொட்டினேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பெரிய சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலைக்குப் போனோம், வந்தோம். பச்சைக் குழந்தை சைஸில் சாம்பிள் கேட்டு பையரிடமிருந்து ஆர்டர் வரும்போது மேனேஜர் அதை என்னிடம் கொடுக்காமல் வேறு ஆளிடம் கொடுத்தார். மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மகனிடம் போனில் பேசும்போது என்னைப் பற்றி அவள் என்றுகூடச் சொல்வதில்லையாம், "அங்க உள்ளது" என்பாராம். இதை என்னிடம் சொன்னதும் என் கணவர்தான்.

சில வருடம் கழித்து மகன் பிறந்தான். மாதம் நிறைந்து, நல்ல எடையோடு பிறந்தான். நான் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது அவன் தலைமுடி ஈரமாக இருந்தது. மாமியார் ஊரிலிருந்து பாட்டிலில் மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்து, பிரசவ வார்டிலேயே ஊற்றிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளைக்குச் சளி பிடித்துவிடக் கூடாதே என்று துண்டால் தலையைத் துவட்டினேன்.

அவன் முதல் நற்கருணை வாங்கும் வயதுக்கு வந்தபோது எங்கள் பங்குக்குப் புதிதாக ஓர் இளம் சாமியார் வந்தார். பழைய உபதேசியார் ஓய்வு பெற்றுவிட்டார். புதுச் சாமியார் ஒவ்வொரு வீடாக வந்து உட்கார்ந்து பேசுவார். எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என் கணவர் ஷிப்டில் இருந்தார். மகனின் மறைக்கல்விப் புத்தகம் மேசைமேல் கிடந்தது. அதில் ஜென்மப் பாவம் என்று இல்லை, பிறப்புநிலைப் பாவம் என்று போட்டிருந்தது. பெயரை மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா ஃபாதர் என்று கேட்டேன். அவர் ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்றார். அத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்தச் சொல்லைப் பற்றி விளக்கினார். லத்தீன் மொழியில் இருக்கும் மூலச் சொல்லுக்குத் தொடக்கத்திலிருந்து வருவது என்றுதான் பொருளாம். பிறப்பு என்பது அந்தச் சொல்லிலேயே கிடையாதாம். ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய குருக்கள், இங்கே மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த ஜென்மம் என்ற வடசொல்லை எடுத்து அதற்கு வைத்துவிட்டார்களாம். அவரவர் தாமாகச் செய்கிற பாவத்துக்குக் கர்மப் பாவம் என்று வைத்தார்களாம். குழந்தை ஏதோ குற்றம் செய்தது என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை, உடைந்துபோன ஓர் உலகத்தில் வந்து பிறக்கிறோம் என்பதுதான் அதன் அர்த்தம் என்றார்.

நான் கேட்டுக்கொண்டேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கர்மம், ஜென்மம் இரண்டையும் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தவர்கள், அந்த வீட்டின் கணக்கும் கூடவே வரும் என்று யோசித்திருக்க வேண்டாமா? கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற உபதேசியாருக்கு லத்தீன் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்கள் இருவருக்கும் தமிழ்தான் தெரியும்.

இதை அவரிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம், இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றார்.

"பெத்தவங்க ஞானஸ்நானம் கொடுக்க நெனச்சிருந்து, அதுக்குள்ள குழந்தை இறந்துட்டா, கல்லறைத் தோட்டத்துலயே அடக்கம் பண்ணலாம்மா. சாமியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா போதும். அந்த விதி அப்பவே இருந்துச்சு."

"அப்பவேவா?"

"உங்க பொண்ணு பிறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியிருந்தே இருக்கும்மா."

அவர் போன பிறகு பார்த்தால், பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அப்படியானால் என் கணவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. திருவிழாவில் ஞானஸ்நானம் வைத்திருக்கிறோம் என்ற ஒரு வாக்கியம் போதுமாயிருந்திருக்கிறது. அந்த வாக்கியம் எனக்கும் கணவருக்கும் மாமியாருக்கும் தெரியும். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் இருந்த ஆள் தியானத்தில் இருந்தார். கேட்கத் தெரியாத ஆளிடம் சாவி இருந்தது.

அன்று வேலை முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். பிறகு, "எனக்கு இத ஏன் சொன்ன?" என்று மட்டும் கேட்டார்.

நல்லவேளை, நீ செய்தது சரி என்றோ, நான் செய்தது தப்பு என்றோ, வேறு எதையாவதோ அவர் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். அந்தக் கேள்வியில்தான் எனக்குப் புரிந்தது. என்மேல் இருந்த கோபம்தான் இத்தனை வருடமாக அவரைத் தாங்கியிருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

இளம் சாமியார் அவளுக்காக ஒரு பூசை வைக்கிறேன் என்றார். வைத்தார். யாருக்காகப் பூசை என்ற கருத்தை வாசிக்கும்போது பெயர் தேவைப்பட்டது. மாமியாரைக் கேளுங்கள் என்றேன். அவர் கேட்டார். அந்தப் பெயரைத் தன் சின்ன மகனின் பெண்ணுக்கு வைத்தாகிவிட்டது என்று மாமியார் சொன்னாராம். அதனால் இன்னாருடைய குழந்தைக்காக என்று என் கணவரின் பெயரைச் சொல்லி வாசித்தார்கள். ஓய்வுபெற்ற உபதேசியாரும் அன்றைக்கு வந்திருந்தார். பூசை முடிந்து என்னிடம் வந்து, அன்றைக்குச் சாமியார் மட்டும் ஊரில் இருந்திருந்தால் நடந்ததே வேறு என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு வயதாகிவிட்டது. சரிங்க என்று சொல்லிவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். மன்னித்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுத்துக்கொள்ளட்டும்.

இப்போதும் ஞாயிறுதோறும் பூசைக்குப் போகிறோம். மகன் நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். விசுவாச அறிக்கையை எல்லாரோடும் சேர்ந்து நானும் சொல்கிறேன். வானம், பூமி, கன்னிமரி, சிலுவை, உயிர்ப்பு எல்லாம் சொல்கிறேன். பாவம் போக்கும் ஞானஸ்நானத்தைப் பற்றிய வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன். என் கணவருக்கு அது தெரியும். அந்த ஒரு வரியை அவர் கொஞ்சம் உரக்கச் சொல்கிறார்.